பாட்டிலில் அடைத்த பொறிவண்டுப் புழுக்கள்

நான் இருந்தேன். மனைவி இருந்தாள். சுரங்கத்தில் வேலை பார்த்து ரிட்டயரான அவள் அண்ணன் இருந்தார். பக்கத்து நிலத்து அம்மா பிறகு வந்தார்.

மாரிகுப்பத்துக்கு அப்பால் எங்கள் அரை ஏக்கர் ராகியில் அசுவினிப் பூச்சி அப்பியிருந்தது. விட்டால் அந்த வருஷம் களி கிடையாது.

மச்சான் ஷிஃப்ட் போட்டு எங்களை வயலில் இறக்கினார். கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளி வைத்த புழுக்களைப் பொறுக்கிப் பாட்டிலில் போட்டோம். எண்ணிக்கை நாற்பத்து மூன்று.

"இதுங்கதான் அசுவினிக்குத் தலைவனுங்க," என்றார் மச்சான்.

பக்கத்து நிலத்து அம்மா பாட்டிலைப் பார்த்தார். "இது பொறிவண்டுப் புழுங்க. அசுவினியத் தின்ன வந்ததுங்க. திருடன வுட்டுட்டு போலீஸ உள்ள போட்டுகீறீங்க."

"இன்னாண்ணா இது?" என்றாள் மனைவி.

மச்சான் பாட்டிலைத் திறந்தார். சுரங்கத்தில் ஷிஃப்ட் முடிந்தால் தலை எண்ணுவார்கள். அதுபோல் ஒவ்வொன்றாக எண்ணிச் செடியில் விட்டார். நாற்பத்திரண்டு வந்தது.

"ஒரு ஆள் உள்ளயே கீறான். யாரும் வூட்டுக்குப் போவாதீங்க."

பாட்டிலைத் தட்டினோம். வரப்பில் தேடினோம். கடைசியில் அவர் சட்டைக் காலரிலேயே அது இருந்தது. மனைவி எடுத்துச் செடியில் விட்டாள்.

நாற்பத்து மூன்று.