மேற்குச் சுவரில் பூசிய சிமென்ட்

ஹெஸ்டருக்கு உட்கார்ந்து பழக்கமில்லை. யார்க்‌ஷயர் மலைச்சரிவுகளில் முப்பது வருடம் தபால் வண்டி ஓட்டியவள். ஓய்வு பெற்ற பிறகும் கால் ஓயவில்லை. அந்த நவம்பரில் தேநீரைக்கூட நடந்தபடியேதான் குடித்தாள். காரணம், மாடி அறையின் மேற்குச் சுவர். முந்நூறு வருடக் கல் சுவர், ஈரம் கோத்து, உள்பூச்சு உப்பி உதிர்ந்துகொண்டிருந்தது. அதை ஒட்டித்தான் அவள் தம்பி கிளெமென்டின் கட்டில். அவனுக்கு இருமல் நிற்கவே இல்லை.

மழையைத் திட்டினாள். கூரையின் கல்பலகைகளைத் திட்டினாள். பக்கத்து வீட்டுக்காரனின் மழைநீர்க் குழாய்தான் காரணம் என்று அவன் வாசலிலேயே போய்க் கத்திவிட்டு வந்தாள். அந்தக் குழாயில் ஒரு ஓட்டைகூட இல்லை என்பது வேறு விஷயம்.

கடைசியில் கொத்தனார் கார்சைட் வந்தார். வெளியே கல்லிடுக்கைச் சுரண்டிப் பார்த்தார். பிறகு மாடிக்கு வந்து, சுவருக்குள் போகும் ஓக் மர உத்தரத்தின் நுனியில் கத்தியைச் செருகினார். பிடிவரை இறங்கிற்று.

"சுண்ணாம்புக் காரைய நோண்டி எடுத்துட்டு சிமென்ட் வச்சிருக்காங்கம்மா. உள்ள போன தண்ணி வெளிய வர வழியில்ல. உத்தரம் வெந்த கிழங்கா கெடக்கு. எந்த முட்டாப்பய பாத்த வேல இது?"

"முன்னாடி இருந்தவன் எவனோ," என்றாள் ஹெஸ்டர் சட்டென்று.

"பொய் சொல்லாதக்கா," என்றான் கிளெமென்ட் கட்டிலிலிருந்து. "ரெண்டு கோடைக்கு ஏணியிலேயே குடியிருந்தியே!"

அவள் முகம் சிவந்துவிட்டது. இருபது வருடத்துக்கு முன் தன் கையால் பூசிவிட்டு, இனி நூறு வருடத்துக்குக் கவலையில்லை என்று ஊர் மதுக்கடையில் பீற்றிக்கொண்டவள் அவள்தான்.

"சிமென்ட்ட இப்பவே உடைக்கலாம். சுண்ணாம்பு பூச உறைபனி போகணும், ஏப்ரல் ஆகும்," என்று சொல்லிவிட்டு கார்சைட் கிளம்பினார்.

"எப்ப இருந்துடா ஈரம்?"

"பத்து வருஷம் இருக்கும். அலமாரிய எதுக்கு அந்தச் சுவர மறைச்சுத் தள்ளி வச்சேன்னு நெனச்ச? இந்த வருஷம் அதையும் தாண்டிருச்சு."

"வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன, பாவி!"

"வர்றவங்களையெல்லாம் இழுத்துட்டுப் போயி அந்தச் சுவரத்தானக்கா காட்டுவ. எப்படிச் சொல்ல?"

ஹெஸ்டரால் அங்கே நிற்க முடியவில்லை. அவன் கட்டிலைச் சமையலறை அடுப்பருகே இழுத்துப் போட்டுவிட்டு, சுத்தியலும் உளியுமாக மழையிலேயே ஏணியில் ஏறினாள். சிமென்ட் தனியாக வரவில்லை. கல்லின் முகத்தையும் கொஞ்சம் பெயர்த்துக்கொண்டுதான் வந்தது. ஒவ்வொரு சில்லுக்கும் தன்னையே திட்டிக்கொண்டாள், வாய்விட்டு அழுதாள். கீழே இருமல் கேட்டபோதெல்லாம் இன்னும் ஓங்கி அடித்தாள்.