மயில் இல்லாத படம்

ஆளும் இல்லை, சாமியும் இல்லை, வெறும் நிறம்தான் என்றால் அந்தப் படத்தை உங்கள் வீட்டு ஹாலில் மாட்டுவீர்களா? அப்படிப்பட்ட படம் வரைவதுதான் என் தொழில். என்ன வேலை பார்க்கிறோம் என்று சொந்தக்காரர்களுக்கு விளக்கியே வாய் வலித்தவர்கள் எல்லாரும் எனக்குக் கூட்டாளிகள்.

*மூன்று தடவை கலக்கியது*

செலண்டார் டவுனில் பெயிண்ட் கடை அண்ணனிடம், பழுத்த செம்பனைப் பழத்தின் செம்மஞ்சள் நிறம் வேண்டும் என்றேன். இடுப்பில் மகள் நெளிய நெளிய, மூன்று தடவை கலக்க வைத்தேன்.

"எந்த ரூமுக்கும்மா அடிக்கப் போற?"

"ரூமுக்கு இல்லண்ணே, படத்துக்கு. சும்மா பார்த்துக்கிட்டு இருக்கத்தான்."

அவர் டின்னைத் தட்டி மூடி, அடையாளத்துக்கு மூடிமேல் ஒரு சொட்டு நிறம் தொட்டு வைத்தார். "பார்க்கிறதுக்கு மூடியே போதும்லா. எதுக்கு ஒரு டின்?"

*டயர் கடைக்காரர்*

சிம்பாங் அம்பாட்டில் டயர் கடை வைத்திருக்கும் சேகர் அண்ணன், புது வீட்டுக்குப் பெரிய படம் கேட்டார். வெளியாள் ஒருவர் என்னிடம் கேட்ட முதல் பெரிய படம். கதவு உயரத்துக்கு வரைந்து, லோரியில் ஏற்றிக் கொண்டுபோனேன்.

சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "கலரு ஜோர். நடுவுல ஒரு மயில் மட்டும் போட்டுடு."

"மயில் வந்தா என் படம் செத்துடும்ண்ணே."

"சரி, புதுமனை புகுவிழா வரைக்கும் தொங்கட்டும். அன்னைக்கும் எனக்குப் பிடிக்கலன்னா நீயே தூக்கிட்டுப் போயிடணும், ஆமா."

*விழா அன்று*

அவர் மனைவி லெட்சுமி அக்கா, புதுசாக வந்த எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தார். வாசற்கதவு, பிரிட்ஜ், துணி துவைக்கும் மெஷின். அதே வேகத்தில் என் படத்தின் இடது கீழ் மூலையிலும் ஒன்று.

"அடியே, அது படம்டி! கழுவ முடியாது!" என்று அண்ணன் ஓடி வந்தார்.

"புதுசுதானே? வச்சா என்ன? பொட்டு வச்சதை வீட்டை விட்டு வெளிய அனுப்பக் கூடாது, தெரியுமா?"

அண்ணன் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "அப்ப மயில் வேணாம்மா. இப்படியே இருந்துட்டுப் போகுது."

நானோ மகளை இறக்கிவிட்டு அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன வைப்பதென்று தெரியாமல் ஒரு மாதம் வரைந்து, சுரண்டி, கடைசியில் வெறுமையாக விட்ட இடம். அந்த ஒரு பொட்டில் இப்போது படம் முழுவதும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

இத்தனை வருஷம் நிறத்தோடு மல்லுக்கட்டிய நான், வெட்கத்தை விட்டுச் சொன்னேன்: "அக்கா, வலது பக்கம் மேலயும் ஒன்னு வைங்களேன்."