வண்டித் தண்ணி

அடுப்பில் கறிச் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே கறி இல்லை. நூலில் கட்டித் தொங்கவிட்ட தேர்மோஸ்டற்தான் இருந்தது. காரின் தண்ணீர் சூடேறும்போது திறந்து, ஆறும்போது மூடிக்கொள்ள வேண்டிய சின்னப் பித்தளைக் கதவு அது. நூலின் மறு நுனியைப் பிடித்தபடி, தூண்டில் போட்டவர் முகத்தோடு மக்தூம் குந்தியிருந்தார். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. கதவு அசையவில்லை.

"இதுவும் உன்னப் போலதான் புள்ள. என்ன செஞ்சாலும் வாயத் தொறக்காது" என்று பக்கத்து அறையில் படுத்திருந்த மனைவிக்குக் கேட்கும்படி சொன்னார். முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் ஸக்கியா இந்தப் பகிடிகளுக்கு ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. அவரும் சொல்வதை நிறுத்தியதில்லை.

அறுபத்து மூன்று வயதாகிறது மக்தூமுக்கு. தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களைத் துரத்தியபோது எருக்கலம்பிட்டியிலிருந்து ஒரு சீலைப் பையோடு புறப்பட்டு வந்தவர். முகாமில் கிடந்து, தில்லையடியில் ஒரு துண்டு வளவு வாங்கி, அதன் பிறகு மூன்று ஸ்ரீ இலக்கத் தகட்டோடு ஒரு பழைய மொறிஸ் மைனரையும் வாங்கினார். வாடகைக்கு ஹயர் ஓடினார். பிள்ளை இல்லாத வீட்டில் மைனரே பிள்ளை என்று ஊர் சிரிக்கும். அவரும் காருக்குக் காய்ச்சல் வந்தாற்போலத்தான் கதைப்பார்: "மைனருக்கு இண்டைக்கி மேலுக்கு ஏலா." சண்டை முடிந்து இது ஏழாம் வருடம். வீதியெல்லாம் வேனும் ஆட்டோவுமாக நிரம்பிய பிறகு மைனரை யாரும் கூப்பிடுவதில்லை. இப்போது அதற்கு ஒரே ஓட்டம்தான். திங்களும் வியாழனும் சிலாபப் பக்கம் போய், ஸக்கியாவின் இரத்தத்தை மெஷினில் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும்.

போன திங்கள் திரும்பி வரும்போது முந்தலில் மைனர் கொதித்து நின்றுவிட்டது. மூடியைத் திறக்க முடியாதபடி ஆவி. மெஷினிலிருந்து அப்போதுதான் இறங்கியவள், நிற்கத் தெம்பில்லாமல், வீதியோர மர நிழலில் சாக்கை விரித்துக் கிடந்தாள். மணலில் வாந்தி எடுத்தாள். ஆட்டோக்காரர் ஒருவர் இரக்கப்பட்டு நிறுத்தியும் ஏற மறுத்துவிட்டாள். பிறத்தியாருடைய வாகனத்தில் வாந்தி எடுக்க அவளுக்கு வெட்கம். ஆகவே நாளை வியாழன் விடியும்முன் கார் ஓட வேண்டும். ஒரு தவணை தப்பினால் கால் வீங்கும், மூச்சு முட்டும். ஒரு முறை தப்பியிருக்கிறது. அந்த மூச்சுச் சத்தத்தை மக்தூம் இன்னொரு முறை கேட்கத் தயாராக இல்லை.

விடியற்காலையில் சுபஹுத் தொழுதுவிட்டு வந்து காரைப் பிரிக்கத் தொடங்கியிருந்தார். வேப்ப மரத்தடியில் பழைய சாரனை விரித்து, கழற்றிய நட்டுகளைத் தொழுகைக்கு நிற்கும் வரிசைபோல நேராக அடுக்கினார். ரப்பர்க் குழாய்கள் வெடித்திருந்தன. வோட்டர் பம்பைச் சுழற்றினால் நறநறவென்றது, அடியில் கசிவும் இருந்தது. இவை இரண்டுக்கும் புதுச் சாமான் நேற்றே வாங்கி வைத்திருந்தார். கதவு திறக்காத தேர்மோஸ்டற்றைச் சட்டியிலிருந்து எடுத்து வேலிப்பக்கம் வீசினார். இந்த வெயிலுக்கு அது இல்லாமலே ஓடலாம் என்பது அவருடைய கணக்கு.

மைனருக்கு ஊற்றும் தண்ணீர் விஷயத்தில்தான் மனிதர் ஒற்றைக் காலில் நிற்பார். அவர் வளவுக் கிணற்றில் உவர்ப்பும் சுண்ணாம்பும். கேத்தலின் அடியில் வெள்ளை வெள்ளையாக ஏடு படியும். கார் வாங்கிய நாளிலிருந்து அந்தக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு சொட்டும் ரேடியேற்றருக்குள் போக அவர் விட்டதில்லை. எலுவன்குளம் பக்கம் ஹயர் கிடைத்தால் போதும், கலா ஓயா ஆற்றில் இறங்கி நான்கு கேன் நிரப்பிக்கொண்டுதான் திரும்புவார். மழை பெய்தால் கூரைக்கடியில் பேசின் வைப்பார். வீட்டில் யாரும் தவறி எடுத்துவிடாதபடி கேன்களில் சிவப்புப் பெயின்றால் 'கார்' என்று எழுதியும் வைத்தார். கார் ஸ்டாண்டில் அவருக்கு 'ஓயா மக்தூம்' என்றே பெயர். அந்தப் பெயரில் அவருக்குப் பெருமை வேறு.

ஒரு நோன்பு காலத்தில் விருந்தாளிகள் வந்திருந்தார்கள். கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி கறுத்துப் போகும் என்று ஸக்கியா சிவப்பெழுத்துக் கேனிலிருந்து ஒரு கேத்தல் தண்ணீர் எடுத்துவிட்டாள். மக்தூம் வந்தவர்களுக்கு முன்னாலேயே சத்தம் போட்டார். "அது வண்டித் தண்ணி. வீட்டுக்குத்தான் கெணறு இருக்கே." அவள் கேத்தலைச் சரித்து, ஒரு சொட்டும் சிந்தாமல், தண்ணீரைத் திரும்பக் கேனுக்குள் ஊற்றினாள். அன்றைக்கே மறந்துபோன சங்கதி அது. இப்போது கேத்தலைக் காணும்போதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

சிறுநீரக நோய் என்று தெரிந்த அன்று ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் சிங்களத்தில் கேட்டார். ஸக்கியாவுக்குச் சிங்களம் அவ்வளவாகப் பிடிபடாது. மக்தூம்தான் இடையில் நின்று மாற்றிச் சொன்னார். என்ன தண்ணீர் குடித்து வந்தீர்கள் என்பது கேள்வி. அதை அவர்தான் அவளிடம் தமிழில் கேட்க வேண்டியிருந்தது. "கெணத்துத் தண்ணிதான்" என்று அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னதை அவர்தான் தன் வாயால் "லிந்தே வத்துற" என்று டொக்டரிடம் ஒப்புவிக்க வேண்டியிருந்தது. தண்ணீர்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, பல காரணம் இருக்கலாம் என்றார் டொக்டர். அது மக்தூமின் காதில் ஏறவில்லை. அவரும் அதே கிணற்று வீட்டுக்காரர்தான். ஆனால் பகலெல்லாம் காரோடு திரிந்து ஊர் ஊராக நல்ல தண்ணீர் குடித்தவர். வீட்டில் இருந்தவள் அவள். இன்னும் எவ்வளவு காலம் என்று இருவரும் டொக்டரிடம் இன்றுவரை கேட்டதில்லை.

நடுப்பகல் ளுஹர் பாங்கு சொல்லும் நேரம் ரேடியேற்றரைத் தூக்கி வெளியே எடுத்தார். உள்ளே துருவும் சுண்ணாம்பும் அடைத்துக் கிடக்கட்டும் என்று அன்று காலையிலிருந்தே உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தார். வேலை கூடினாலும் காரியமில்லை. அதுவும் கெட்டிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அதன் வாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார். விளக்கித் துடைத்த குடம்போல் பித்தளை மின்னியது. ஒரு பொட்டு அழுக்கில்லை. மக்தூம் அதை மடியில் வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு இரும்பை இருபது வருடம் இப்படிக் காப்பாற்றத் தெரிந்திருக்கிறதே தனக்கு என்று நினைத்தார். அழுகை வந்தது. எழுந்து, புது பம்பைப் பூட்டினார்.

பின்னேரம் அஸர் தாண்டி எல்லாம் பூட்டி முடிந்தது. இனி ஆறு லீற்றர் தண்ணீர் வேண்டும். பேசின்கள் காய்ந்து மாதக்கணக்காகிறது. வாசற்படியில் ஸக்கியா வந்து நின்றாள், ஊசி ஏறும் கையை முந்தானையால் மூடியபடி.

"குசினில இருக்கிற ஃபில்டர் தண்ணிய ஊத்துங்க. எனக்கு ஒரு நாளைக்கி அரைப் போத்தல்தானே டொக்டர்மார் குடிக்க விட்டிருக்கிறாங்க."

"அது ஒனக்கு" என்றார்.

கடையில் போத்தல் தண்ணீர் கிடைக்கும், அடுத்த வீட்டில் கேட்டாலும் தருவார்கள். மக்தூமுக்கு அது தெரியாமல் இல்லை. அவர் நேரே கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி மொண்டு வந்தார். அந்த வாளி காரை நோக்கி வருவதை ஸக்கியா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கெணத்துத் தண்ணிய ஊத்தினா மைனர் எவ்வளவு காலம் தாங்கும்?"

தொழில் விஷயத்தில் அவருக்குப் பொய் வராது. "ரெண்டு வருஷம் ஓடும்" என்றார். சொல்லி முடித்த பிறகுதான், தன் வாயிலிருந்து வந்தது என்னவென்று அவருக்கு விளங்கியது. வாளியைத் தரையில் வைத்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார்.

ஸக்கியா மெதுவாகப் படியிறங்கி வந்தாள். சாரனில் கிடந்த புனலை எடுத்து, முந்தானையால் துடைத்து, ரேடியேற்றரின் வாயில் செருகி, ஊசி ஏறாத கையால் அதைச் சரியாமல் பிடித்துக்கொண்டு, ஊற்றும்படி அவரைப் பார்த்துத் தலையசைத்தாள்.