போகிக்குக் கழித்த காலிப் பெட்டிகள்

ஞாயிற்றுக்கிழமை வாஷியிலிருந்து ஒருவர் வந்து என் கணவரிடமிருந்து பழைய வீடியோ கேம் ஒன்றை வாங்கிப் போவதாக இருந்தது. அந்தப் பணத்தில்தான் எங்கள் மகளை எல்.கே.ஜி.யில் சேர்க்க வேண்டும். புதன்கிழமை போகி. அன்று காலை அந்த கேமின் பெட்டியை நான் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிட்டேன்.

கவனமில்லாமல் போட்டிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். நான் மூன்று முறை பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.

கல்யாணம் நிச்சயமானபோது, பழைய வீடியோ கேம் சேர்க்கிற பழக்கம் இவருக்கு உண்டு என்று சொன்னார்கள். தபால்தலை சேர்ப்பது போலத்தான் என்று நினைத்துக்கொண்டேன். தபால்தலைக்கு டிரான்ஸ்பார்மர் வேண்டாம். கேசட்டைப் போட்டு கேம் ஆடுகிற ஜப்பான் கன்சோலை நம் வீட்டு கரண்டில் நேராகச் செருகினால் கருகிவிடும். அதனால் வோல்டேஜைக் குறைக்க ஒரு டிரான்ஸ்பார்மர் வந்தது. கன்சோலைவிட அது கனம். புது டிவியில் பழைய கேமின் படம் கலங்கித் தெரியும் என்று பிக்சர் டியூப் வைத்த பழைய டிவி ஒன்று வந்தது. எங்கள் செம்பூர் மழைக்குப் பூஞ்சை பிடிக்காமலிருக்க சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் கேசட்டுக்குக் கூரியர், அதன் மேல் கஸ்டம்ஸ்.

ஒரு கேசட்டின் விலை எங்கள் ஒரு மாத வாடகை என்று தெரிந்த அன்று எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன். சோப்புக் கட்டி அளவு இருந்தது. தங்கமென்றால் கையில் எடை தெரியும். இதில் எதுவுமே தெரியவில்லை. இத்தனை லேசான ஒன்றுக்கு உலகத்தில் யாரோ இத்தனை கொடுக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. அதைத் திட்டுவதற்கு வாய் வரவில்லை. இவரும் ஊதாரி இல்லை. ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு ஆட்டோ எடுக்காமல் நடந்தே வருகிறவர். வருஷத்துக்கு ஒருமுறை போனஸ் வரும்போது மட்டும் ஒன்று வாங்குவார்.

மகளுக்குப் பள்ளியில் இடம் கிடைத்து, கட்ட வேண்டிய தொகை எழுதிய கடிதம் வந்ததும், நான் கேட்காமலே அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். தன்னிடம் இருப்பதிலேயே விலை அதிகமானதை விற்றுவிடுவது. “ஒண்ணு போனா போறது” என்று மட்டும் சொன்னார். நானே விற்க வைத்தது போல எனக்குக் குறுகுறுப்பாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லவும் தைரியம் இல்லை. திங்கட்கிழமை கடைசி நாள்.

போகியன்று காலை ஆறரை மணிக்கே நெருளிலிருந்து மாமியாரின் போன். “பழசெல்லாம் கழிச்சாச்சோ?” எங்கள் அபார்ட்மென்ட் சொசைட்டியில் எதையும் எரிக்கக் கூடாது. எடைக்குப் போடுவதுதான் எங்களுக்குப் போகி. ஸ்டூல் போட்டு லாஃப்டில் ஏறினேன். மிக்ஸி வந்த பெரிய அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே பதினொரு சின்ன அட்டைப்பெட்டிகள். சாயம் மங்கிய படங்கள், ஜப்பானிய எழுத்து. ஒன்றில் ஊதா வானத்துக்குக் கீழே ஒரு சிறு படகு. ஒவ்வொன்றையும் குலுக்கினேன், திறந்து பார்த்தேன், விரலை விட்டும் துழாவினேன். எல்லாம் காலி. கேசட்டுகள் டிராயரில் இருக்கின்றனவா என்று போய் எண்ணிப் பார்த்தேன். இருந்தன. பிறகுதான் ரத்திவாலாவைக் கூப்பிட்டேன். பழைய பேப்பர், டப்பா எல்லாம் எடுக்கிறவர். அவர் கொடுத்த பணத்தில் பொங்கலுக்கு ஒரு கரும்பு வாங்கினேன்.

சாயங்காலம் இவர் வந்து லாஃப்டை அண்ணாந்து பார்த்தார்.

“மேல மிக்ஸி பெட்டி இருந்ததே?”

“போட்டாச்சு. உள்ள ஒண்ணும் இல்லை. பாத்துட்டுதான் போட்டேன்.”

ஷூவைக் கழற்றாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மகள் கிரேயானும் கையுமாக வீட்டைச் சுற்ற ஆரம்பித்ததால், பெட்டிகளை மட்டும் இரண்டு வாரத்துக்கு முன்னால் மேலே ஏற்றி வைத்திருக்கிறார். என்னிடம் சொல்ல மறந்திருக்கிறார்.

“கேசட்டெல்லாம் பத்திரமா இருக்கு. நான் தொடக்கூட இல்லை” என்றேன்.

“கேசட் எங்கேயாவது கிடைக்கும். அதை யாரும் தூக்கிப் போட மாட்டா. அட்டையைத்தான் போடுவா. ஜப்பான்லேயும் அமெரிக்காவிலேயும் இருக்கற அம்மாக்கள் எல்லாரும் வீட்டைச் சுத்தம் பண்ணிப் பண்ணி அட்டையைத் தூக்கிப் போட்டா. மிச்சம் இருக்கறது கொஞ்சம்தான். அதனாலதான் அதுக்கு இந்த விலை.”

“வெறும் அட்டைக்கா?”

“வாஷிக்காரர் தரேன்னு சொன்னதுல பாதிக்கு மேல அட்டைக்குத்தான்.”

“அப்போ, என்னை மாதிரி இருக்கறவாதான் விலையை ஏத்தி விட்டிருக்கோம்.”

“ஆமா. இன்னிக்கு நீ பதினொண்ணு போட்டிருக்கே. ஊர்ல மிச்சம் இருக்கற பெட்டிக்கெல்லாம் விலை ஏறியிருக்கும். எவனோ ஒருத்தன் சந்தோஷமா இருப்பான்.” சிரித்தார். அதன் பிறகு, “அம்மாவும் போகிக்குத்தான் போட்டா. பழைய மாதுங்கா வீட்டுல. என்னோட முதல் கேம் வந்த பெட்டி” என்றார். அப்போது சிரிக்கவில்லை.

திட்டியிருக்கலாம். திட்டவில்லை. “விடு, தாராவிக்குப் போயிருக்கும். அங்க போய் எங்கேன்னு தேடறது” என்று சொல்லிவிட்டு ஷூவைக் கழற்றினார்.

மறுநாள் பொங்கல். இவருக்கு ஆபீஸ் உண்டு. ஆறு மணிக்கே வீட்டில் பொங்கல் வைத்து, நைவேத்தியம் செய்து, இவரை அனுப்பி, மகளை பிளே ஸ்கூலில் விட்டுவிட்டு ரத்திவாலாவின் கடைக்குப் போனேன். போகலாமா வேண்டாமா என்று வழியில் இரண்டு முறை நின்றேன். சரக்கு நேற்றே டெம்போவில் தாராவி போய்விட்டதாக அவர் இந்தியில் சொன்னார். எந்த குடோன் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். “அங்கே பிரிக்கிறவங்க எல்லாம் உங்க ஆளுங்கதான் அண்ணி. இன்னிக்கு அவங்களுக்கும் பண்டிகை. சரக்கைத் தொட்டிருக்க மாட்டாங்க. சீக்கிரம் போங்க” என்றார்.

சயனில் பஸ்ஸை விட்டு இறங்கி விசாரித்துக்கொண்டே போனேன். குடோன் இருந்த சந்து முழுக்க அடுப்பு. மூன்று மூன்று செங்கல், அதன் மேல் பானை, பானையின் கழுத்தில் மஞ்சள் கொத்து. புகை கண்ணைக் கரித்தது. குடோன் சாவி யாரிடம் என்று கேட்டதும், புதுச் சேலையில் அடுப்பை ஊதிக்கொண்டிருந்த ஒரு அம்மாளைக் காட்டினார்கள். ஐம்பது வயது இருக்கலாம். சரக்கைப் பிரிக்கும் பெண்களுக்கு மேஸ்திரி அவர்தான்.

“இன்னைக்கு லீவு தாயி. தமிழ்தான பேசுத, பொங்கல்னு தெரியாதா?”

“தெரியும்க்கா. வீட்டுல வெச்சுட்டுதான் வரேன்.”

“அதுக்குள்ள பொங்கிருச்சா! சரி, என்னத்தத் தொலைச்ச? கம்மலா? செக்கா?”

“காலி அட்டைப்பெட்டி.”

அவர் அடுப்பிலிருந்து தலையைத் தூக்கினார். பக்கத்து அடுப்புக்காரி அடுத்த அடுப்புக்குக் குரல் கொடுத்தாள்: “ஏக்கா, இங்க பாருங்க, அட்டைப்பெட்டியத் தேடி செம்பூர்லேருந்து வந்திருக்காவ!” சந்து கடைசி வரை சிரிப்பு போனது.

மேஸ்திரி அம்மாள் மட்டும், “அதுக்கு என்ன வெல?” என்று கேட்டார். பொய் சொல்லத் தெரியவில்லை. விற்க இருந்த, படகு போட்ட பெட்டியின் விலையை மட்டும் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

“எம்மா! உள்ள ஒண்ணுமில்லாமலா?”

“ஒண்ணுமில்லாம.”

“அப்பம் உள்ள இருந்ததுக்கு எம்புட்டு?”

“அது இதைவிடக் கம்மி.”

“ஒங்க வீட்டுக்காரருக்கு ஒடம்புக்குச் சொகந்தான தாயி?” என்றாள் பக்கத்து அடுப்புக்காரி. மறுபடியும் சிரிப்பு. நானும் சிரித்துவிட்டேன். மகளின் பள்ளிக்கூடத்துக்கான பணம் என்று சொன்னதும்தான் அவர்கள் முகம் மாறியது.

“மொதல்லயே இதச் சொல்லக் கூடாதா? ஆனாலும் இரு, பொங்கட்டும். பானைய விட்டுட்டு நான் வர மாட்டேன்” என்றார் மேஸ்திரி அம்மாள்.

பன்னிரண்டரைக்கு மகளை அழைக்கப் போயாக வேண்டும். மணி பத்தே முக்கால். இன்னொரு வீட்டுப் பானை பொங்குவதற்காக நான் அவ்வளவு வேண்டிக்கொண்டது கிடையாது. நுரை எழும்பி வழிந்ததும் எல்லோரும் குலவையிட்டார்கள். அவர் அடுப்பைத் தணித்துவிட்டு, இடுப்பிலிருந்த சாவியை எடுத்தார்.

கதவைத் திறந்ததும் நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். தகரக் கூரை வரைக்கும் காகிதம். நோட்டுப் புத்தகங்கள் ஒரு மலை, செய்தித்தாள் ஒரு மலை, பழுப்பு அட்டை ஒரு மலை. ஒரு நகரமே படித்து, எழுதி, தின்று, பிரித்துப் போட்டது அத்தனையும் அங்கே இருந்தது. இதில் என் பதினொன்றைத் தேட வந்திருக்கிறேனே என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் எதையும் தேடவில்லை. நேராக ஒரு மூலைக்குப் போனார். “ஒங்க செம்பூர் பேப்பர் கடை சேட்டு சணல் கயித்துலதான் கட்டுவாரு. மத்தவுக பிளாஸ்டிக்கு. அந்தா, அந்த நாலு மூட்டைதான்.” முதல் மூட்டையை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டார். கண் என் மேலேயே இருந்தது. சோப்புப் பெட்டி, மருந்துப் பெட்டி, செருப்புப் பெட்டி என்று கையே பிரித்துப் போட்டது. மூன்றாவது மூட்டையில் நிறுத்தி, ஒன்றை வெளியே எடுக்காமலே நகத்தால் சுண்டினார். டக் என்று ஒரு சத்தம்.

“இது நம்மூரு அட்டை இல்ல. சத்தத்தப் பாத்தியா? நம்மூரு அட்டை பொதபொதன்னு இருக்கும்.”

வெளியே எடுத்தார். ஜப்பானிய எழுத்து. அசல் அட்டை எது என்று என் கணவர் எத்தனையோ வருஷமாகப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக் கற்றுக்கொண்டதை இந்த அம்மாள் ஒரு நகத்தில் வைத்திருந்தார். நான் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒன்பது கிடைத்தது. மீதி இரண்டும் அடியில் ஈரத்தில் ஊறிக் கூழாகியிருந்தன. படகு போட்டது ஏழாவதாக வந்தது. ஒரு விளிம்பில் கயிறு அழுத்திய மடிப்பு. மற்றபடி முழுசாக இருந்தது. லீவு இல்லாவிட்டால் இந்நேரம் மெஷினில் நசுக்கிக் கட்டாகக் கட்டியிருப்பார்கள் என்றார்.

பர்ஸிலிருந்த பணத்தை எடுத்து நீட்டினேன். அவர் பணத்தைப் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார்.

“எந்த வெலைக்குத் தாயி வாங்கச் சொல்லுத? கிலோ வெலைக்கு வாங்குனா எனக்கு நட்டம். ஒன் வெலைக்கு வாங்குனா ஒனக்கு நட்டம். பேசாம ஒரு வாய் பொங்கல் தின்னுட்டுப் போ.”

இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருக்க வேண்டுமோ என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அப்போது சாப்பிட்டேன். ஏலக்காய் தூக்கலாக இருந்தது. பிளே ஸ்கூலுக்குப் பத்து நிமிஷம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். மகள் பையை மாட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். “அம்மா, உன் மேல புகை வாசனை” என்றாள்.

சாயங்காலம் ஒன்பது பெட்டிகளையும் இவர் முன்னால் வைத்தேன். ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து திறந்து மூடினார். “நீயா போனே?” என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வாஷிக்காரர் வந்தார். தலை நரைக்கத் தொடங்கிய, சாதாரண ஆபீஸ்காரர். பெட்டியைத் தொடுவதற்கு முன்னால், “கை அலம்பிக்கலாமா?” என்று கேட்டுக்கொண்டு உள்ளே போய், என் துண்டை வாங்கி விரலிடுக்கெல்லாம் ஈரம் போகத் துடைத்தார். பிறந்த குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள்கூட இப்படித் துடைத்து நான் பார்த்ததில்லை. பெட்டியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மடிப்பு வந்த இடத்தில் கை நின்றது.

“அது, நான் லாஃப்ட்லேருந்து எடுக்கறப்போ...” என்று ஆரம்பித்தார் இவர்.

“இல்லை, நான்தான் போகிக்கு எடைக்குப் போட்டுட்டேன். தாராவி குடோன்லேருந்து எடுத்துண்டு வந்தேன். அது கயிறு பட்ட தடம்” என்றேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று உடனே தோன்றியது. இவர் தரையைப் பார்த்தார்.

வாஷிக்காரர் பெட்டியை மெதுவாக மேஜையில் வைத்தார். “அந்த குடோன் ஞாயித்துக்கிழமை திறந்திருக்குமா?” என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். பிறகு தயங்கித் தயங்கி ஒரு விஷயத்தைச் சொன்னார். கேசட் அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. பன்னிரண்டு வருஷமாக அவர் தேடுவது பெட்டியை மட்டும்தான். பெட்டியைத் தனியாக யாரும் விற்பதில்லை என்பதால் முழு செட்டுக்கு விலை பேசினார். “பெட்டி மட்டும் தரேளா? பேசினதுல முக்கால் பங்கு தரேன். அந்த மடிப்போட.”

இவர் என்னைப் பார்த்தார். நான் மனதுக்குள் பள்ளிக் கடிதத்தைப் பார்த்தேன். அந்தத் தொகை அதற்குள் அடங்கியது. தலையை ஆட்டினேன். போனில் பணம் வந்து சேர்ந்த சத்தம் கேட்டது. கேசட் எங்கள் டிராயரிலேயே இருந்தது; உலகத்திலேயே காலியான ஒரு பொருள் மட்டும்தான் கைமாறியிருந்தது.

கிளம்பும்போது அவருக்கு ஒரு துணிப்பை கொடுத்தேன். வேண்டாம் என்றார். ஹார்பர் லைன் ரயில் கூட்டத்தில் மூலை நசுங்கிவிடும் என்று கவலைப்பட்டார். சமையலறைக்குப் போய், பொங்கலுக்குச் செய்த முறுக்கைத் தட்டில் கொட்டிவிட்டு, பெரிய எவர்சில்வர் டப்பாவைத் துடைத்துக் கொண்டுவந்தேன். பெட்டி அதில் அளவெடுத்தது போல உட்கார்ந்தது. மூடியை அழுத்தி மூடி, இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார். அடுத்த வாரம் டப்பாவைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்.

திங்கட்கிழமை பணத்தைக் கட்டிவிட்டோம். மகள் இப்போது யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள். டப்பா இன்னும் வரவில்லை. அத்தனை பணம் கொடுத்தவரிடம் ஒரு முறுக்கு டப்பாவைக் கேட்கலாமா, கேட்கக் கூடாதா என்று எனக்கு இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை. இவரிடம் கேட்டால், “அந்த டப்பாவும் இன்னேரம் கலெக்‌ஷன்ல சேர்ந்திருக்கும்” என்கிறார்.