முனிராஜ் குரலில் வந்த போன்கள்

இரும்பை உருக்கி வார்க்கும் ஃபவுண்டரிகளுக்கு மின்சாரம் வாங்கிக் கொடுப்பது எங்கள் தொழில். தவறு இதுதான்: எங்கள் ஆபீஸ் முனிராஜ் செத்த மறுநாள் காலையிலும் ஓசூர் ஃபவுண்டரி ஓனர்கள் எல்லாருக்கும் அவன் குரலில் போன் போனது.

மின்சந்தையில் கால் மணிக்கு ஒரு விலை. விலை எகிறினாலோ கரண்ட் சிக்காவிட்டாலோ முன்பு முனிராஜ்தான் கூப்பிடுவான். "அண்ணா, உலையைக் காலி பண்ணிடுங்க" என்பான். பிறகு சாஃப்ட்வேர் வந்தது. சந்தையை அதுவே பார்க்கும், ஆபத்தைக் கணக்குப் போடும், போனும் செய்யும். குரல் மட்டும் அவனுடையது. மெஷின் போனில் அவதிப்பட்டவர்கள்தானே நீங்களும்? கேளுங்கள்.

இருமல்

குரல் பதிவு செய்த அன்று அவனுக்கு இருமல். மெஷின் அதையும் கற்றுக்கொண்டது. காரியம் முடிந்த வாரம், தொரப்பள்ளிப் பக்கம் ஃபவுண்டரி வைத்திருக்கும் வெங்கடேஷ் கூப்பிட்டார். சாவுச் செய்தி அவருக்குப் போகவில்லை. குரல் அன்றைய விலையைச் சொன்னதாம். முனிராஜ் உயிரோடிருந்தபோது இல்லவே இல்லாத விலை. நடுவில் இருமியதாம். "உங்காளுக்கு இன்னும் சரியாகல போலிருக்கே சார், மருந்து வாங்கிக் குடுங்க."

தேன் குரல்

பெங்களூரு சாஃப்ட்வேர்க்காரர்களிடம் கத்தினேன். ஒரு பெண் குரலைப் போட்டார்கள். தேன் மாதிரி. தேன் யார் கேட்டது?

மூக்கண்டப்பள்ளி கிருஷ்ணப்பாவுக்கு அது கூப்பிட்ட அன்று கரண்ட் நின்றது. உருகிய இரும்பு உலைக்குள்ளேயே உறைந்தது. நான் போனபோது ஆட்கள் உளி வைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு தடவை இப்படி ஆனால் அவர் ஷட்டரை இழுத்து மூட வேண்டியதுதான். போன் வரவில்லையா என்றேன். "வந்துச்சு சார். லோன் வேணாம்மான்னு வெச்சுட்டேன்."

பதில்

பழைய குரலையே திரும்பப் போட்டோம். வேறு வழி? இதற்குள் பெங்களூருக்காரர்கள் அதைப் பதில் பேசவும் பழக்கியிருந்தார்கள். எங்களுக்குச் சொல்லவில்லை.

அடுத்த போன் போன அன்று மத்தியானம் கிருஷ்ணப்பா ஆபீசுக்கே வந்தார். போன் வந்ததும், "ஏமப்பா முனிராஜு, எங்க இருக்க?" என்று விளையாட்டாய்க் கேட்டாராம். "இங்கதான் இருக்கேண்ணா. உலையைக் காலி பண்ணிடுங்க" என்றதாம். காலி செய்துவிட்டார். ஆனால் இனிமேல் அந்த போனை எடுக்க மாட்டாராம். முனிராஜின் காலி நாற்காலிப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. வாசலில் நின்று கேட்டார்: "நிஜமா இங்க இல்லதானே சார்?"

வீட்டு நம்பர்

மறுநாள் முனிராஜின் மனைவி வந்தார். சோதனைக்காக முனிராஜ் தன் வீட்டு நம்பரையும் மெஷினில் போட்டு வைத்திருக்கிறான். அதை நீக்க மறந்தோம். விலை ஏறும்போதெல்லாம் சமையலறையில் போன் அடித்திருக்கிறது. எடுத்தால் புருஷன் குரல். உலையைக் காலி பண்ணச் சொல்கிறது. இருமுகிறது. "உயிரோட இருந்தப்போ இத்தன தடவ அவரு எனக்குப் போன் பண்ணதே இல்ல சார்."

நிறுத்திவிடுகிறேன் என்றேன். நிறுத்தினால் எந்தக் குரலைப் போடுவது? கிருஷ்ணப்பா கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர், மைக் எங்கே என்றார். உட்கார்ந்தார், அதே நாற்காலியில்.

அடுத்து கரண்ட் சிக்காத நாள். "முனிராஜ் வீட்டம்மா பேசறேன்" என்று புது நம்பரிலிருந்து போன் போனது. கிருஷ்ணப்பா கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டார். உலை தப்பியது. இதை மட்டும் ஏன் கட் பண்ணவில்லை என்றேன். "அந்தம்மா பேசறப்ப எப்படி சார் வெக்கறது?"

விலையைக் கணிக்க மெஷின் போதும், முனிராஜை விடுவிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது: அவன் மனைவி மஞ்சுளா.