செவ்வாயும் வெள்ளியும் டாக்டர் நாள்

எழுபதுகளின் பிற்பாதியில் ஆரணிக் கடைத்தெருவில் ஒரே வரிசையில் ஆறு டாக்டர் போர்டுகள் தொங்கின. ஆறாவது என்னுடையது. ஆனால் அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது அங்கே உட்காருவதற்காக அல்ல. வெம்பாக்கம் பக்கம், பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் வரும் ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நான்தான் டாக்டர். சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் அந்த ஒரு கட்டடம்தான்.

அங்கே எனக்கு வீடும் கொடுத்திருந்தார்கள். கரண்ட் கிடையாது, கிணற்றுத் தண்ணீர் உப்பு. கல்யாணமான புதிது. மனைவி ஒரு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க வேணா இருந்துக்குங்க" என்றாள். நானும் இருக்கவில்லை. செவ்வாயும் வெள்ளியும் காலை பஸ்ஸில் போய் மத்தியான பஸ்ஸில் திரும்பிவிடுவேன். மற்ற நாட்களுக்கும் சேர்த்து ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட்டுவிடுவேன். கம்பவுண்டர் என்னைவிட வயதில் ரொம்ப மூத்தவர். கண்டும் காணாததுபோல் இருந்துவிடுவார். அப்போது எனக்கு வெட்கமாகக்கூட இல்லை. எல்லோரும் செய்வதுதானே என்று ஒரு சமாதானம் கைவசம் இருந்தது.

ஊரும் பழகிக்கொண்டது. என் இரண்டு கிழமைகளுக்கும் 'டாக்டர் நாள்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். சனிக்கிழமை காய்ச்சல் கண்டவன் செவ்வாய்க்கிழமை வரை கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிடப்பான். ஒருவரும் என்னைக் கோபித்துக்கொண்டதில்லை. நான் வேறு எல்லோரிடமும் சொல்லி அனுப்புவேன்: "அவசரம்னா ஆரணிக்கு வந்துருங்க. வேற எங்கயும் அலையாதீங்க, நேரா நம்ம கிளினிக்குக்கு வாங்க." கிளினிக்குக்குக் கூட்டம் சேர வேண்டுமே.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேலூரிலிருந்து நண்பர் ஒருவர் போனில் கூப்பிட்டார். மறுநாள் மேலதிகாரி இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறாராம். புதன்கிழமை முதல் பஸ்ஸிலேயே ஓடினேன். எட்டு மணிக்கு வெள்ளைக்கோட்டைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாயிற்று. டாக்டர் ரெடி, கம்பவுண்டர் ரெடி. நோயாளி ஒருத்தர்கூட இல்லை.

ஒன்பதரைக்கு எனக்கு வேர்க்க ஆரம்பித்தது. காலி பெஞ்சைப் பார்த்தால் அதிகாரிக்கு எல்லாம் விளங்கிவிடும். "நாலு பேரையாவது கூட்டிகினு வாங்க" என்று கம்பவுண்டரைத் தெருவுக்கு அனுப்பினேன். போனவர் தனியாகத் திரும்பி வந்தார்.

"டாக்டர் வந்துகீறாருன்னு சொன்னா சிரிக்கிறாங்க சார். இன்னைக்குப் புதன்கெழமயாச்சேன்றாங்க."

"இன்னொரு வாட்டி போங்க. நெசவுத் தெருவுல கேளுங்க."

அவர் போன கொஞ்ச நேரத்தில், ஆரணி வழியாகக் களம்பூர் ரைஸ் மில்லுக்கு நெல் ஏற்றிப் போகிற லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே எங்கள் வாசலைத் தாண்டிப் பறந்தது. புழுதி உள்ளே வந்து மேசையெல்லாம் படிந்தது. அதிகாரி வருகிற நேரத்தில் இது வேறா என்று திட்டிக்கொண்டே எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன்.

பத்தரைக்கு ஜீப் வந்தது. அதிகாரி பெஞ்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எங்க டாக்டர், ஒருத்தரையும் காணோம்?"

"காலையிலயே கூட்டம் முடிஞ்சிட்டுது சார்."

நோயாளிச் சீட்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, அன்றைய பக்கத்தைத் திருப்பினார். அது வெள்ளையாக இருந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் கம்பவுண்டர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"நெசவுத் தெருவுல ஒருத்தனக் கட்டுவிரியன் கடிச்சிட்டுது சார். தறிக்குழிக்குள்ள கெடந்துகீது. இப்பதான் நெல்லு லாரில ஏத்திகினு போனாங்க."

"எங்க?"

"ஆரணிக்கு. உங்க கிளினிக்குக்கு. நம்ம வாசல் வழியாத்தான் சார் போனாங்க."

பாம்புக்கடி மருந்து எங்கள் மண்ணெண்ணெய் ஃப்ரிட்ஜில் இருந்தது. நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அதற்குப் பத்தடிகூட இருக்காது.

பாட்டில்களையும் ஊசியையும் அள்ளிக்கொண்டு வந்தேன். அதிகாரி அதற்குள் ஜீப்பில் ஏறியிருந்தார். "ஏறுங்க" என்றார். ஜீப் எவ்வளவு போனாலும் அந்த லாரி கண்ணில் படவில்லை. ஆரணி கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கக் கூடாதா, பக்கத்து போர்டுக்காரரிடமாவது போயிருக்கக் கூடாதா என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டேன். அவர்கள் என் பேச்சைக் கேட்காமல் இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது அன்றைக்குத்தான்.

கேட்டிருந்தார்கள். பூட்டியிருந்த என் கிளினிக் படியில் அவனைக் கிடத்தியிருந்தார்கள். முப்பது வயதுகூட இருக்காது. தலை மனைவி மடியில் இருந்தது. சுற்றிலும் நின்றவர்கள் வேறு டாக்டரிடம் தூக்கிப் போகச் சொல்லியும் அவள் அசையவில்லையாம். பக்கத்து மருந்துக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கத்தினார்: "அவர் உங்க ஊர்லதாம்மா இருக்காருன்னு எத்தினி வாட்டி சார் சொல்றது? புதன்கெழம அங்க எப்டி இருப்பாருன்னு என்னையே அதட்டுது இந்தப் பொண்ணு!"

படியிலேயே உட்கார்ந்து மருந்தைக் கரைத்தேன். நரம்பு தேடுகையில் அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். காலையில் குழியில் இறங்கி உட்கார்ந்ததும் காலில் சுருக்கென்றதாம். மிதிக்கட்டைச் சிராய் குத்திவிட்டது என்று நினைத்து அவன் நெய்துகொண்டே இருந்திருக்கிறான். இமை இறங்கியதும் பட்டு இழை பார்த்துப் பார்த்துக் கண் அசந்துவிட்டது என்று உச்சந்தலையில் எண்ணெய் வைத்திருக்கிறார்கள். நாக்குக் குழறிய பிறகுதான் குழியில் தேடியிருக்கிறார்கள்.

ஊசி ஏறியும் இமை திறக்கவில்லை. மூச்சு சன்னமாகிக்கொண்டே வந்தது. மூச்சு மெஷின் வேலூரில்தான் உண்டு. ஜீப்பின் பின்பக்கம் அவனைப் படுக்க வைத்து, கண்ணமங்கலம் தாண்டியதிலிருந்து வாயோடு வாய் வைத்து நான்தான் ஊதிக்கொண்டு போனேன். ஒவ்வொரு தடவையும் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். இறங்கினால் மறுபடி ஊதுவேன். முன்சீட்டில் இருந்த அதிகாரி டிரைவரிடம் "ஜல்தி, ஜல்தி" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மெமோ வந்தது. அது எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை.

ஐந்தாம் நாள் வேலூர் வார்டுக்குப் போனேன். மூச்சு மெஷின் குழாயை எடுத்துவிட்டிருந்தார்கள். அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருந்த அவன் மனைவி சட்டென்று எழுந்து கைகூப்பினாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டட்டும் என்றுதான் போயிருந்தேன்.

"மன்னிச்சுக்குங்க சார்" என்றாள். "உங்கள ரொம்ப அலைய வுட்டுட்டோம். பாழாப் போன பாம்பு மொத நாளு கடிச்சிருந்தா செவ்வாக்கெழம ஆயிருக்கும். உங்களுக்கு இவ்ளோ பேஜாரு இல்ல."