பன்னிரண்டு குழிக்குள் ஒரு குடித்தனம்

எங்கள் அக்கா புருஷனுக்குத் தொழிற்சாலையில் வைத்த பெயர் அளவுகோல். திருகாணி செய்யும் இடத்தில் முப்பத்திரண்டு வருஷம், ஒன்று மாதிரி ஒன்று இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே ஓய்வு பெற்றவர். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் இங்கே எதுவுமே ஒன்று மாதிரி ஒன்று இல்லை. ஆம்லெட் ஒரு ஓரம் தடிமன், கேக் துண்டு ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. மனுஷன் பதறிப்போனார். மறுநாளே பன்னிரண்டு குழி உள்ள மஃபின் தட்டு ஒன்றை வாங்கிவந்து அடுப்படியைக் கைப்பற்றினார். அதுவரை வெந்நீர்கூட வைத்தறியாத மகானுபாவர்!

அன்றிலிருந்து அந்த வீட்டில் முட்டை, உருளைக்கிழங்கு, சோறு, கோழி எல்லாமே குழியில்தான். ஒரு நாள் சூப்பைக்கூட ஊற்றிப் பார்த்தார். ஆளுக்கு மூன்று. நான் நாலாவதுக்குக் கை நீட்டினால், "மச்சான், மூணுதான்!" என்பார்.

அக்காவின் வாணலி பரணுக்குப் போயிற்று. "ஒரு வெங்காயம் வதக்கி அஞ்சு மாசமாச்சுடா. என் அடுப்படியில நானே விருந்தாளியா நிக்கிறேன்" என்று அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் யார் போய்ச் சொல்வது?

அப்போதுதான் அந்தத் தொழிற்சாலையிலேயே கேன்டீனைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். மாமா மனுப் போட்டார். மேனேஜர் மனைவியோடு ஞாயிற்றுக்கிழமை வந்து, சாப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஏற்பாடு. அக்காவுக்கு முகமெல்லாம் பல்.

"காலையில போனா சாயங்காலம்தான் வருவாருடா. இந்த வேலை மட்டும் கிடைக்கட்டும், அன்னைக்கே வாணலிய இறக்கிடறேன்."

மஃபினைக் கண்டாலே குமட்டுகிறவள், அது நன்றாக வரவேண்டும் என்று வேண்டாத தெய்வமில்லை.

ஞாயிறு காலை, தட்டின் இடப்பக்கம் ஆறு குழியில் ஜாம் வைத்த இனிப்பு, வலப்பக்கம் ஆறில் மிளகுக் கோழி. எல்லாவற்றுக்கும் மேலே ஒரே ரொட்டித்தூள். "பாத்தா வித்தியாசமே தெரியக்கூடாது. அதான் தரம்" என்றார். ஓவன் ஒரு பக்கம் அதிகமாகக் காயும் என்பதால், பாதி வேக்காட்டில் தட்டைத் திருப்பி வைக்கவேண்டும் என்பது அவர் சட்டம். ஓவன் கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தார். அதன்படி திருப்பிவைத்தார். இனிப்பு இப்போது வலப்பக்கம் என்று மனசில் குறித்துக்கொண்டு, சட்டை மாற்றப் போனார்.

அக்கா வந்தாள். ஐந்து மாதமாக அந்த ஓவனைத் திரும்பிக்கூடப் பார்க்காதவள், இன்றைக்கு எதுவும் தப்பாகிவிடக் கூடாதே என்று ஒட்டியிருந்ததை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தாள். பிறகு பயபக்தியோடு தட்டைத் திருப்பிவைத்தாள்.

மாமா இடப்பக்கத்து மஃபின்களுக்குத் தக்காளி சாஸும், வலப்பக்கத்தவைக்குச் சாக்லேட்டும் ஊற்றிப் பரிமாறினார். மேனேஜர் முதல் வாயில் தக்காளி சாஸோடு ஜாமைத் தின்றார். வாயை மாற்ற அடுத்ததைக் கடித்தார். சாக்லேட் ஊற்றிய கோழி! மென்றார், நிறுத்தினார், தண்ணீர் குடித்தார்.

"தப்பா நினைக்காதீங்க சார். இதக் கேன்டீன்ல போட்டா தொழிலாளிங்க என்னைத் தொலைச்சிடுவாங்க."

மாமாவின் முகம் செத்துவிட்டது. அக்கா என் காதோரம் வந்து, "நான்தான்டா திருப்பினேன்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

அதற்குள் மேனேஜரின் மனைவி தன் தட்டைச் சுத்தமாகக் காலி செய்திருந்தார். "எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. இந்த ருசிய எங்கேயுமே சாப்பிட்டதில்ல. எங்க குடியிருப்புல நாங்க பத்துப் பொம்பளைங்க இருக்கோம். தினமும் இங்க வந்தா சொல்லித் தருவீங்களா?"

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தாராளமா வாங்கம்மா. இன்னும் ரெண்டு பேரச் சேத்துக்குங்க. பன்னிரண்டா இருந்தாத்தான் தட்டுக்குச் சரியா வரும்."

அக்கா பரணை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தாள். "போகும்போது அந்த வாணலிய நீ எடுத்துட்டுப் போயிடுடா" என்றாள்.